பாய்லர்காரரின் விடுமுறை கேக்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்பக்கம் இருக்கிற பாய்லர் அறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பத்து நிமிஷம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நாலு வாய் வைப்பார்; எழுந்துபோய் பாய்லரைப் பார்ப்பார். மறுபடி நாலு வாய், மறுபடி பாய்லர். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேலே நிற்கிறதா, பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் இருக்கிறதா, பம்ப் ஓடுகிற சத்தத்தில் ஏதாவது இருமல் கேட்கிறதா. தண்ணீர் குறைந்தால் ஊரையே கூட்டுகிற அலாரம் சுவரில் தொங்கத்தான் செய்கிறது. அது பாட்டுக்குத் தொங்கட்டும். தன் இரண்டு கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு அடுத்த வாய் உள்ளே இறங்கும்.

வேலையில் அது நல்ல பழக்கம். ஆனால் அது அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சினிமாவுக்குப் போனால் பாதிப் படம். விருந்துக்குப் போனால் பாதி இலை. லீவு நாளில்கூட, “இதோ எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்” என்று கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரி நடந்துபோனால் ஏழு நிமிஷம். அதுதான் வினையே. அவருடைய மனைவி தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு யாராவது வந்தால் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டி, “எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கௌரவ வேஷம்” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார்.

போன வருஷம்வரை இது எல்லாருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. போன வருஷக் கடைசி விடுமுறையில், மகள் சிட்டுவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஒரே நாளில் மூன்று தடவை பாய்லரைப் பார்க்கப் போனார். மூன்றாவது தடவை எதிர்வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார்கள். அதை அவர் கவனிக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தை ஒன்றேகால் மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் தற்செயலாக வந்த அத்தைதான் அவளைப் பார்த்தார். அத்தை என்றால் அவருடைய சொந்த அக்கா, தையல்காரி, கழுத்தில் அளவு நாடா இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த அக்கா தம்பியை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் விடுமுறையில் மனைவிக்குத் தொடர்ந்து வண்டி. ஊரே பயணம் போகிற சமயம், டிரைவருக்கு ஏது விடுமுறை? பத்து நாளும் சிட்டு தன் வீட்டில் இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். மனைவியும் சரி என்றுவிட்டார். சிட்டுதான் மாட்டேன் என்றாள். இவ்வளவு நாள் எடுக்காமல் சேர்ந்துகிடந்த லீவில் பத்து நாளை அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதை வைத்துக்கொண்டு அவர் யாரோடு இருப்பார் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. அவள் கேட்கிற கேள்விக்குப் பெரியவர்கள் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

கடைசியில் அத்தை ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். விடுமுறையின் முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு வருவார். அதுவரை தம்பி வாசற்படியைத் தாண்டாமல் மகளோடு வீட்டில் இருந்தால், பத்து நாளும் குழந்தை அங்கேயே இருக்கலாம். தாண்டினால், பை தயாராக இருக்கட்டும், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

“பண்டிகைக் கேக்கை அப்பாவும் நானும் பண்றோம் அத்தை. அது வேகவே முக்கால் மணி நேரம். அதுக்குள்ள அப்பா எங்கயும் போக முடியாதுல்ல” என்றாள் சிட்டு.

அத்தை தம்பியைப் பார்த்தார். “கேக் வேகும். இவன் வேகணுமே” என்றார்.

காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையை முழங்கால்வரை போட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி நின்று, சிட்டு அதிகாரியாகிவிட்டாள். கேக் செய்முறை சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. ரொம்ப சுலபமான கேக். மூன்று முட்டை, ஒரு கப் சர்க்கரை, முக்கால் கப் வெண்ணெய், ஒன்றரை கப் மைதா, ஒன்றரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோல் துருவல், அதன் சாறு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, சிவப்பு செர்ரி. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கவேண்டியதுதான். ஓவன் 180. நாற்பத்தைந்து நிமிஷம். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அம்மா அதைத் தனக்காக எழுதி வைத்திருந்தார். தனக்குத் தெரிந்ததை அதில் எழுதவில்லை.

180 என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாய்லரிலும் பிரஷர் ஒன்பதில் நிற்கும்போது நீராவியின் சூடு அதேதான் என்று மகளிடம் சொன்னார். முதல் தடவையாக அந்தச் சமையலறை அவருக்குப் பழக்கமான இடம் மாதிரி இருந்தது.

முட்டையை உடைக்கும்போது பத்து நிமிஷம் ஆகிவிட்டது. கால் தரையில் பாவவில்லை. ஜன்னல்வரை போனார், வந்தார். பாய்லர் அறையில் இன்றைக்கு டியூட்டி தாடிக்கு. அவரோடு இருபது வருஷமாக மாறி மாறி டியூட்டி பார்க்கிற ஆள், மார்புவரை தாடி, பேச்சு மட்டும் கத்தரித்த மாதிரி இருக்கும். அவருக்கு ஃபோன் போட்டார். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் தாடி. ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது இன்னொரு தடவை. பிரஷர்? நிற்கிறது. மைதாவைச் சலிக்கும்போது, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மூன்றாவது தடவை. மாவு பறந்து ஃபோனெல்லாம் வெள்ளை.

சிட்டு சர்க்கரையையும் வெண்ணெயையும் மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெண்ணெய். அவர் அதைத் துடைத்துவிட்டபோது, “நீ ஃபோன்ல பேசறப்ப உன் முகம் நல்லாவே இல்லப்பா” என்றாள். குறை சொல்கிற மாதிரியே இல்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பதினொன்றேகாலுக்குக் கேக் உள்ளே போனது. அந்த ஓவன் பழசு. உள்விளக்கு எப்போதோ எரிந்துபோய்விட்டது. கதவுக் கண்ணாடி கரிபிடித்து, வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுத்தான். அவருக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே நெருப்பு மாதிரி ஒரு சூடு, வெளியே நிற்கிறவனுக்கு எதுவுமே தெரியாது என்றால் எப்படி? கதவு ஓரத்தில் வேறு மெல்லிசாக ஆவி கசிந்தது. இருபது வருஷம் நீராவியோடு குப்பை கொட்டினவருக்கு அதைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: உள்ளே ஆவி சேர்கிறது, கொஞ்சம் வெளியே விட வேண்டும். பத்தாவது நிமிஷம் கதவை ஒரு சாண் திறந்தார். புஸ்ஸென்று சூடு முகத்தில் அடித்தது. கேக் அழகாக எழும்பிக்கொண்டிருந்தது. திருப்தியாக மூடினார். இருபதாவது நிமிஷம் மறுபடி. முப்பதாவது நிமிஷம் மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே விட்டார். மகளுக்கும் விளக்கம் சொன்னார்: எந்த மூடிய பாத்திரத்திலும் ஆவியை அடைத்து வைக்கக்கூடாது, அது ஆபத்து. சிட்டு அதை நம்பினாள். அப்பாவின் வேலையைப் பற்றி அப்பா சொன்னால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நாற்பத்தைந்தாவது நிமிஷம் வெளியே எடுத்தபோது கேக்கின் நடுவில் ஒரு குழி. ஓரமெல்லாம் சிவந்து நிற்க, நடுவயிறு உள்ளே போய், யாரோ முழங்கையை ஊன்றி எழுந்துபோன தலையணை மாதிரி கிடந்தது. கத்தியை விட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு.

சிட்டு அழவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா இரண்டே கேள்விகளில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். மகள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“திறந்தீங்களா?”

“ஆவியை விட்டேன்” என்றார் அவர்.

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அப்புறம் அம்மா பொறுமையாகச் சொன்னார். கேக் எழும்புவதே உள்ளே அடங்கியிருக்கிற அந்தச் சூட்டினால்தான். திறந்தால் சூடு இறங்கும், கேக்கும் இறங்கும். ஒன்றும் வெடிக்காது. போட்ட பிறகு கதவைத் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. “உங்களுக்கு அது ஒண்ணுதான் வராது” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

வீட்டில் சரியாக மூன்று முட்டை பாக்கி இருந்தது. வெண்ணெய் போதவில்லை, கொஞ்சம் எண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டினார்கள். செர்ரி தீர்ந்துவிட்டது. திராட்சையைக் கூடுதலாகப் போட்டார்கள். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. பாத்திரம் கழுவிக் கலக்கி முடிக்கும்போது மணி ஒன்றே முக்கால். இதற்குள் தாடிக்கு இன்னும் நாலு ஃபோன் போயிருந்தது. கடைசியாகப் பேசியபோது தாடி, “இனிமே கூப்பிட்டா எடுக்கமாட்டேன்” என்று சொல்லி வைத்தார்.

ஒன்று ஐம்பதுக்கு இரண்டாவது கேக் உள்ளே போனது. அவர் ஓவனுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம். எட்டு. ஓவன் கதவைப் பார்த்தால் திறக்கத் தோன்றியது. பார்க்காமல் இருந்தால் பாய்லர் ஞாபகம் வந்தது. பத்தாவது நிமிஷம், பிரஷர் மட்டும் கேட்டுவிடலாம் என்று ஃபோனை எடுத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுபடி போட்டார். எடுக்கவில்லை. கோபத்தில்தான் எடுக்காமல் இருக்கிறான், சொல்லிவிட்டுத்தானே இருக்கிறான் என்று தனக்குத்தானே சொன்னார். ஒருவேளை அப்படி இல்லாவிட்டால்? பம்ப் நின்று போயிருந்தால்? தாடி தரையில் விழுந்து கிடந்தால்? ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. எழுந்துபோய் ஷூவை மாட்டினார். கயிற்றைக் கட்டினார். வாசல் கதவைத் திறந்தார்.

அவர் எழுந்த நாற்காலியில் இப்போது சிட்டு உட்கார்ந்திருந்தாள்; அங்கிருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். போகாதே என்று சொல்லவில்லை. “இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்குப்பா. மணியானதும் எடுக்கணும்னா நானே எடுத்துடுவேன். துணி வச்சு பிடிச்சுக்கறேன்” என்றாள்.

அவர் படியிறங்கினார். பன்னிரண்டு படி இறங்கினால் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. முன்பெல்லாம் அதன் வழியாக ஆஸ்பத்திரிப் புகைபோக்கி தெரியும்; புகையின் நிறத்தை வைத்தே அவர் பாய்லரின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். இப்போது நடுவில் ஒரு புதுக் கட்டடம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தார். வெறும் சுவர். அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. இங்கே என்ன நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும்: ஒரு ஒன்பது வயதுப் பெண், கையில் ஒரு கரித்துணியோடு, கொதிக்கிற ஓவனுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவர் திரும்பி வருவார் என்று அவள் எதிர்பார்க்கக்கூட இல்லை. அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்து வைத்துவிட்டாள்.

அந்த ஜன்னலோரம் அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ. ஒரு நிமிஷம் இருக்கலாம். கால் கீழே போகப் பார்த்தது. அவர்தான் பிடித்து மேலே ஏற்றினார். வேறு எப்படிச் சொல்வது? சொந்தக் காலையே இழுத்துக்கொண்டு பன்னிரண்டு படி ஏறி வந்தார்.

உள்ளே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், தரையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. சிட்டு நாற்காலியை விட்டு இறங்கி, அவரை ஒட்டி உட்கார்ந்து, தன் கையை அதன் மேல் வைத்தாள். அதுவும் சேர்ந்து ஆடியது.

“ஏம்ப்பா உன்னால உக்கார முடியல?”

அவர் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. சிட்டு பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு மதியம், நல்ல பசி. டப்பாவைத் திறந்து உட்கார்ந்தவர் முழுசாகச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார். அதற்குள் பம்ப் நின்றுபோயிருந்தது. அலாரம் அடிக்கவில்லை, ஒயர் எப்போதோ தளர்ந்துபோயிருந்தது. அவர் போய்ப் பார்த்தபோது கண்ணாடிக் குழாயில் தண்ணீரே இல்லை. தண்ணீர் இல்லாமல் எரிந்தால் பாய்லர் வெடித்துவிடும்; ஓடிப்போய் எரிபொருள் வால்வை மூடினார். நல்ல நேரம், அவ்வளவுதான். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாலு பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை அது தெரியாது. அன்றைக்கு அவர்கள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது சுவர்வழியாகக் கேட்டது என்றார்.

சிட்டு நன்றாக யோசித்தாள். “அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல?”

“ஆகல.”

“அலாரத்தைச் சரி பண்ணிட்டாங்களா?”

“பண்ணிட்டாங்க. ரெண்டா வச்சுட்டாங்க.”

“அப்ப இன்னிக்கு அங்க ரெண்டு அலாரம் இருக்கு, தாடி மாமா இருக்காரு. இங்க நான் மட்டும்தான் இருக்கேன்” என்றாள்.

அவர் அவளுடைய தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். முடியெல்லாம் ஆரஞ்சு வாசனை. முழங்கால் நிற்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தார். கேக் வாசனை முதலில் லேசாக, பிறகு வீடு முழுக்க வந்தது. பதினாறு நிமிஷம். பதினொன்று. நாலு. ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; இரண்டு தடவை அதைத் தொட்டார், எடுக்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. பாய்லர் முன்னால்கூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவைத் திறந்தார்கள். கேக் எழும்பி, மேலே ஒரு நீளமான விரிசலோடு, பொன்னிறமாக நின்றது. ஒரு பக்கம் கொஞ்சம் உயரம். திராட்சையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்பது வெட்டின பிறகுதான் தெரிந்தது. சிட்டு அதற்குச் சர்க்கரைத் தூளைச் சல்லடையில் போட்டுத் தூவினாள். கேக்கின் மேல் பாதி, அப்பாவின் ஷூவின் மேல் பாதி.

மூன்று மணிக்கு அத்தை வந்தார். வந்ததும் கேக்கைப் பார்க்கவில்லை. தம்பியின் காலைப் பார்த்தார். “ஷூ எதுக்கு?”

சிட்டு வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். “வாசப்படியைத் தாண்டினேன்க்கா. பன்னெண்டு படி இறங்கினேன். அவ உள்ள தனியா இருந்தா, ஓவன் ஓடிட்டிருந்துச்சு.”

சொன்னபடி பார்த்தால் தோற்றாகிவிட்டது. சிட்டுவின் பை அலமாரிப் பக்கத்தில் தயாராக இருந்தது. அவள் அத்தையின் முகத்தையே பார்த்தாள். அத்தை அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“கீழ தெருவுக்குப் போகலியா?”

“இல்லக்கா.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“போகல. போகணும்னுதான் இறங்கினேன். முடியல, திரும்பிட்டேன்.”

“ஏறி வந்ததும் பன்னெண்டு படிதானே” என்றார் அத்தை. தம்பி இறங்கிப் போவதை அவர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். ஏறி வந்ததைக் கேள்விப்படுவதுகூட இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய துண்டாக வெட்டச் சொன்னார். ஒரு துண்டு தின்றார். இன்னொன்று கேட்டார். கிளம்பும்போது ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்று, “போய் உன் பாய்லரைப் பாத்துட்டு வா. அவளையும் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேரும் போனா அது ஓடறதில்ல, நடக்கறது” என்று மட்டும் சொன்னார்.

தாடிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். பாய்லர் அறைக் கதவில் தாடி நின்றுகொண்டிருந்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பாய்லர் அவருக்குப் பின்னால் சீராக இரைந்துகொண்டிருந்தது. இவர் உள்ளே போகப் பார்த்தார். தாடி நகரவில்லை.

“வேணும்னுதான் எடுக்கல. இருபது வருஷமா நானும் இதே தண்ணியைத்தான் பாக்கறேன். உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா?”

அதைத் தாடி சத்தமில்லாமல் சொன்னார். இவருக்குச் சுரீரென்றது. தன் பயத்தைத் தவிர வேறெதையும் அவர் இத்தனை நாள் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஃபோனிலும் இந்த மனுஷனை என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது. கேக்கை நீட்டினார். தாடி வாங்கி, அவசரமே இல்லாமல், தாடியில் தூள் உதிர உதிரத் தின்றார். தின்று முடித்து இவர் முகத்தைப் பார்த்தார். என்ன இருந்ததோ அந்த முகத்தில், மனசு இளகிவிட்டது. கதவை விட்டு நகராமல், தலையை மட்டும் பின்னால் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

“தண்ணி பாதிக்கு மேல. பிரஷர் ஒம்பது. பம்ப் ஓடுது. போதுமா?”

இவர் எட்டிப் பார்த்தால் தெரியும். தாடியின் தோளுக்கு மேலே ஒரு விரற்கடை எட்டினால் போதும்.

“போதும்” என்றார்.

திரும்பி வரும்போது தெருமுனைக்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை கழுத்து திரும்பப் போகும்போது, சிட்டு அவர் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.